ஆறு நிமிடப் படம், நான்கு அபிப்பிராயங்கள்

“முப்பி கமா அம்மாவுக்குப் புதுக் கண்ணாடிய மாட்டி விடு முற்றுப்புள்ளி பழசு வேண்டாம் முற்றுப்புள்ளி.”

இசக்கிராஜ் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொண்டே போனது. படித்துப் பார்த்தான். தங்கச்சியை அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருந்தது. அழித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். “முப்பி கமா எந்தக் கண்ணாடின்னாலும் பரவாயில்ல கமா ஆனா...” அதையும் அழித்தான். காலையிலிருந்து இது ஏழாவது செய்தி. முதல் ஆறும் போய்ச் சேர்ந்துவிட்டன. மதுரை அலுவலகத்துக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், படம் ஓடும்போது தண்ணீர் குடிக்கலாமா கூடாதா, பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வது என்று ஆறும் ஆறு விதக் கவலை.

“கொம்மா என்ன, சந்திரனுக்கே போறா?” சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே நிரோஜன் கேட்டான். “மதுரைக்குத்தானேடா.”

“ஒங்களுக்கென்னண்ணே. நீங்க ஒப்புக்குத்தான வாரிய.”

“ஓம். ஒப்புக்குத்தான் வாறன். அதுக்காக நேரத்துக்குப் போகக் கூடாதோ? எழும்பு.”

நிரோஜன் யாழ்ப்பாணத்துக்காரன். இசக்கிராஜைவிடப் பத்து வயது மூத்தவன். விடுதியில் வளர்ந்தவன், தாய் தகப்பன் யாரென்று தெரியாது. எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் ‘உறவினர்’ என்ற கட்டத்தில் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போவான். வெளிநாட்டில், ஹால்மர் நகரத்துப் பார்சல் கிடங்கில் இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே அறை, ஒரே அடுப்பு. ஆறு வருஷமாக அப்படித்தான்.

இசக்கிராஜ் எட்டாவது செய்தியை டிராமில் போகும்போது சொன்னான். எதிர் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்; போனுக்குப் புரியவில்லை; மறுபடி சொன்னான். அவன் வீட்டுக்குப் பேசுவதெல்லாம் இப்படித்தான். பேசுவது அவன், போய்ச் சேருவது எழுத்து. சங்கரன்கோவிலில் முப்பிடாதி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். குரலை அப்படியே அனுப்பினால் அதோடு கூட வேறு என்னவெல்லாமோ போய்விடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த அன்று போன் பண்ணினான். இவன் அழுத அழுகையில் அம்மா தன் அழுகையை நிறுத்திவிட்டு, “எய்யா, எய்யா” என்று இவனைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவளைத் தேற்ற வைத்துவிட்டோமே என்று அன்றைக்கு முடிவு பண்ணினான், இனிமேல் எழுத்துதான் என்று. எழுத்தில் நடுக்கம் தெரியாது.

அப்பாவைப் பார்க்க அவனால் போக முடியவில்லை. கிடங்கில் லீவு கேட்டபோது மேற்பார்வையாளர் உறவு எண் கேட்டார்; இன்னாருக்கு இன்னார் உறவு என்று அரசாங்கம் கொடுக்கிற எண், அது இருந்தால்தான் லீவு கிடைக்கும், குடும்பத்தை இங்கே கூப்பிட்டுக்கொள்ளவும் முடியும். இவனிடம் இல்லை. “அப்படியானால் இறந்தவர் உங்களுக்கு யார்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஒரு பதில் வேண்டியிருந்தது, கட்டத்தை நிரப்ப.

உறவு எண் இல்லாமல் போனதற்குக் காரணம், படம் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் சோதனையில் முதல் தடவை செய்த கூத்து. தென்காசியில் ‘அபிப்பிராயப் பயிற்சி மையம்’ என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா, அப்பா, முப்பிடாதி மூன்று பேரையும் இவன்தான் அங்கே சேர்த்துவிட்டான். நாற்பது வாக்கியம் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். மூன்று பேரும் பண்ணினார்கள். இவனும் இங்கே அதே நாற்பதை ராத்திரி பகலாக உருப்போட்டான். பரீட்சை என்றால் நம்மவர்களுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்? படத்தில் பூனை வந்ததோ யானை வந்ததோ, நாலு பேரும் ‘இப்படம் குடும்ப ஒற்றுமையை வலியுறுத்துகிறது’ என்று ஆரம்பித்தார்கள். இயந்திரம் ஒரே வரியில் பதில் சொன்னது: கற்பிக்கப்பட்ட பார்வை, உறவு நிரூபிக்கப்படவில்லை.

ஒரு ஆளுக்கு வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான். இன்றைக்கு இரண்டாவது.

உறவுச் சரிபார்ப்பு அலுவலகத்தில் லிண்ட் என்ற அதிகாரி காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவள் பேசுவது அவள் மொழியில். மேஜை மேலிருந்த சின்னப் பெட்டி அதைத் தமிழாக்கிச் சொல்லும், ரேடியோ செய்தி மாதிரி.

“ஒப்பீட்டு நபர் தாங்கள்தானா?” என்று பெட்டி நிரோஜனைக் கேட்டது.

“ஓம். ஆனா எனக்கு இது ஒண்டும் விளங்கேல்ல. பிறப்புச் சான்றிதழ் இருக்கு, கலியாணப் படம் இருக்கு. அதை விட்டுட்டு ஏன் கார்ட்டூன் காட்டுறியள்?”

இசக்கிராஜ் நிரோஜனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். காரியத்தைக் கெடுத்துவிடுவார் போலிருக்கிறதே. ஆனால் லிண்ட் கோபப்படவில்லை. இதைக் கேட்க ஆள் கிடைத்ததே என்பது போல நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

“சான்றிதழ், புகைப்படம், குரல், முகம். இவை அனைத்தையும் இன்று எவரும் அரை மணி நேரத்தில் உருவாக்கிக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரே பெண்மணி பதினொரு பேருக்குத் தாயாக வந்தார். பதினொரு பேரிடமும் அவருடைய தாலாட்டு ஒலிப்பதிவு இருந்தது.”

“ரத்தம் எடுத்துப் பாக்கலாமே?”

“அறிக்கை எங்கிருந்தோ வரும் ஒரு காகிதம்தான். தவிரவும், சட்டம் ரத்தத்தைக் கேட்கவில்லை. தத்தெடுத்த குழந்தையும் குழந்தையே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரே கூரையின் கீழ் ஒருவரோடொருவர் பழகியவர்களா என்பதே கேள்வி. அப்படிப் பழகியவர்களின் கண் ஒரே இடத்துக்குப் போகிறது. ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள், ஒரே இடத்தில் பயப்படுகிறார்கள். அவர்களுக்கே தெரியாமல்.”

“அதுக்கு ஏன் பழைய படம்?”

“இதுவரை யாரும் பார்த்திராத படம் தேவை. இடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சுவருக்குள் இருநூறு தகரப் பெட்டிகள் கிடைத்தன. அசையும் ஓவியத்தைக் கண்டுபிடித்த புதிதில் வரைந்த குறும்படங்கள். ஒலி இல்லை, சொல் இல்லை, வரைந்தவர் பெயர் இல்லை. எந்த இயந்திரமும் அவற்றைப் பார்த்ததில்லை. எந்த விமர்சகரும் எழுதியதில்லை. குடும்பத்துக்கு ஒரு பெட்டி. பார்த்துவிட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னால் போதும்.”

“நான் ஏன் பாக்கோணும்? நான் இவையின்ர குடும்பம் இல்லையே.”

“அதற்காகத்தான். ஒரே மொழி, ஒரே உணவு, ஒரே அறை. அதனால் மட்டும் எவ்வளவு ஒற்றுமை வரும் என்று உங்களை வைத்து அளப்போம். விண்ணப்பதாரர் அதைவிட அதிகம் ஒத்துப்போக வேண்டும். நூற்றுக்கு அறுபதைத் தொட்டால் உறவு.”

நிரோஜன் இசக்கிராஜைப் பார்த்துக் கண்ணடித்தான். “அப்ப நான் எவ்வளவு மோசமாச் சொல்லுறனோ அவ்வளவு உனக்கு நல்லம்.”

“வேண்டாண்ணே. விளையாடிறாதிய. தோணுனதச் சொல்லுங்க, போதும்.”

இசக்கிராஜுக்குத்தான் தனக்குத் தோன்றுவதைச் சொல்லும் உத்தேசம் இல்லை. பத்து மாதமாக யோசித்துத் திட்டம் போட்டிருந்தான். மனப்பாடம் தப்பு. சரி. அப்படியானால் அம்மா எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துவிட்டால்? அம்மாவைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும்?

தனித்தனி அறை. கதவு சாத்தியதும் விளக்கு மங்கியது. சுவரில் ‘117’ என்ற எண் வந்து போனது. மதுரையில் இதே நிமிஷம் அம்மாவும் முப்பிடாதியும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளைத் திரையில் கறுப்புக் கோடு ஒன்று நடுங்கிக்கொண்டே வந்தது. அது ஒரு மனிதனானது. நீள மூக்கு, கையில் குடை, பின்னால் ஒரு நாய். மனிதன் சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து வெறும் வெளியில் ஒரு வீடு வரைந்தான். கதவு, ஜன்னல், கூரை. நாய் வாலை ஆட்டியது. மழை வந்தது. வீடு கரைய ஆரம்பித்தது. மனிதன் குடையை விரித்துத் தனக்குப் பிடிக்காமல் வீட்டுக்குப் பிடித்தான். மழை அவனையே கால் முதல் கரைத்துவிட்டது. குடை விழுந்தது. நாய் கீழே கிடந்த சாக்குக்கட்டியைக் கவ்வி, ஞாபகத்திலிருந்து மனிதனை மறுபடி வரைந்தது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. மனிதன் எழுந்து, நொண்டி நொண்டி, நாயோடு நடந்து போனான். ஆறு நிமிடம்.

இசக்கிராஜ் படத்தைப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. அம்மா எங்கே அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வீடு கரைந்ததும், இதுதான் என்று பிடித்துக்கொண்டான். ஒலிவாங்கியில் பச்சை விளக்கு எரிந்ததும் சொன்னான்: “வீடு கரைஞ்சதப் பாக்கையில நெஞ்சு அடைச்சிருச்சு முற்றுப்புள்ளி. பாடுபட்டு கட்டுன வீடு கமா மழை கொண்டு போயிருச்சேன்னு அழுகையா வந்துது. அந்த நாய் நன்றியுள்ள சீவன். இல்லாதவங்களுக்குத்தான் எல்லாக் கஷ்டமும்.” எழுத்து ஓடியதைப் பார்த்து இரண்டு இடத்தில் அழித்துத் திருத்தினான். திருப்தியாக இருந்தது. அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது.

வெளியே வந்தபோது நிரோஜன் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்ன சிரிப்பு?”

“அந்த நாய்...” என்றான் நிரோஜன். பிறகு விதி ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டான். முடிவு வரும்வரை படத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

முக்கால் மணி நேரம் ஆனது. இசக்கிராஜ் மூன்று முறை கக்கூஸுக்குப் போனான். முப்பிடாதிக்கு ஒன்பதாவது செய்தியைச் சொல்லிச் சொல்லி அழித்தான். கதவு திறந்தது. லிண்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுவே அவனுக்குப் போதுமான கெட்ட சகுனமாக இருந்தது.

“இருவரும் உள்ளே வாருங்கள்.”

“அவரு எதுக்கு?”

“இருவரும்,” என்றது பெட்டி.

மேஜை மேலிருந்த திரையில் நான்கு பத்திகள் இருந்தன. முதலாவது முப்பிடாதியுடையது. இரண்டாவது, சண்முகவடிவு, வயது ஐம்பத்து மூன்று. அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுத்தாக்கியிருந்தார்கள். இசக்கிராஜ் படித்தான்.

‘எனக்குச் சிரிப்பாணி அடங்கல. அவன் கூரை போட்டான் பாத்தியளா, எடது பக்கம் ஒரு கோட்ட விட்டுட்டான். இழை அத்துப்போன மாதிரி சின்ன எடவெளி. அது வழியாத்தான் தண்ணி எறங்குச்சு. நாய் பாத்துட்டு. வால ரெண்டு தரம் மடக்கி மடக்கிச் சொல்லுது, ஏல இழை போச்சுன்னு. அந்தக் கிறுக்கன் திரும்பிப் பாக்கணுமே! குடைய பிடிச்சிக்கிட்டு நிக்கான். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், நான் கையக் காட்டுவேன், அவரு வேற தறியப் பாத்துக்கிட்டு நிப்பாரு. காலக் குட்டையா வரஞ்சுட்டு நாய் முழிச்சுதே ஒரு முழி! நொண்டுனா என்ன, நடக்கான்லா.’

“எந்தக் கோடு?” என்றான் இசக்கிராஜ்.

லிண்ட் படத்தை ஓட்டி ஒரு இடத்தில் நிறுத்தினாள். கூரையின் இடது சரிவில், விரல் நகம் அளவுக்கு, கோடு இல்லை. பக்கத்தில் நாயின் வால் மடங்கியிருந்தது.

அவன் அதைப் பார்க்கவே இல்லை. சங்கரன்கோவிலில் நாலு தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். காலை ஏழு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தால் வீட்டில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். ஆள்காட்டி விரலை இரண்டு தரம் மடக்கினால் இழை அறுந்துபோச்சு. உதட்டில் குவித்தால் சாப்பிட வா. காதைத் தொட்டால் வாசலில் ஆள். பேச்சு வருவதற்கு முன்னாலேயே அவனுக்கு அது வந்துவிட்டது. ஓடுகிற துணியில் ஒரு இழை போனால் நடையில் போகிறபோதே அவன் கண்ணுக்குத் தெரியும். அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார், எங்க ராசு கண்ணு கழுகுக் கண்ணு என்று.

“தாய்க்கும் தங்கைக்கும் தொண்ணூற்று மூன்று,” என்றது பெட்டி. “தங்கை கூறியதிலும் அதே கோடு, அதே வால். தாய்க்கும் தங்களுக்கும் இருபத்திரண்டு.”

காதுக்குள் தறி ஓடுகிற மாதிரி இருந்தது.

“ஒப்பீட்டு நபர் கூறியதையும் படிக்க வேண்டுகிறேன்.”

நான்காவது பத்தி. ‘வடிவான படம். கூரையில ஒரு கோட்டை விட்டுட்டான் மடையன். நாய்க்கு அது விளங்கி, வாலை மடக்கி இழை போச்சு எண்டு சொல்லுது. எனக்குச் சிரிப்புத் தாங்கேல்ல. ஆனா பாருங்கோ, கடைசியில நடந்து போறான்தானே. காணும்.’

“தாய்க்கும் இவருக்கும் எண்பத்தொன்று,” என்றது பெட்டி. “பதினான்கு ஆண்டுப் பணியில் நான் இப்படிக் கண்டதில்லை. இவர் யார்?”

நிரோஜன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். “நான் ஆரும் இல்ல. கிடங்கில பார்சல் போற பட்டை ஓடேக்க சத்தத்தில ஒண்டும் கேக்காது. அப்ப இவன்தான் எனக்கு அந்தக் கைப் பாஷையைச் சொல்லித் தந்தவன். இழை போச்சு எண்டா பார்சல் கிழிஞ்சு போச்சு எண்டு அர்த்தம். அவ்வளவுதான்.”

“சைகையால் மட்டும் எண்பத்தொன்று வராது. சிரித்த இடம் ஒன்று. மன்னித்த இடமும் ஒன்று. அந்த அம்மையாரோடு தங்களுக்குப் பழக்கம் உண்டா?”

நிரோஜன் இசக்கிராஜைப் பார்த்தான்.

“சொல்லுங்கண்ணே.”

“பின்னேரம் சமைக்கேக்க போனில கதைப்பன்.”

“எப்பவாச்சுமா?”

“ஒவ்வொரு நாளும்.” நிரோஜன் தலையைக் குனிந்துகொண்டான். “புளிக்குழம்புக்கு என்ன போடுறது எண்டு கேக்க ஒருநாள் எடுத்தனான். பிறகு அவாவே எடுப்பா. நீ அந்த நேரம் வெளியில நிண்டு போனுக்குச் சொல்லிச் சொல்லி அழிச்சுக்கொண்டு நிப்பாய். ராசு சாப்பிட்டானா, ராசு மெலிஞ்சிட்டானா எண்டு கேப்பா. பிறகு அயலட்டைக் கதை, ஆர் வீட்டில என்ன நடந்தது எண்டு. கொப்பாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

“சிரிப்பாளா?”

“அவா நல்லாச் சிரிப்பாடா. உனக்குத் தெரியாதே?”

இசக்கிராஜ் எழுந்துவிட்டான். “எங்கம்மாவக் களவாண்டுட்டியள்லா? கூடவே இருந்து!” போனை மேஜைமேல் அடித்து வைத்தான். “நான் அவளுக்காண்டி ஒவ்வொரு எழுத்தா... நான் கஷ்டத்தச் சொல்லக் கூடாதுன்னு... நீங்க குழம்பு வச்சுக்கிட்டே...”

“களவெடுக்க நான் எங்கயடா போறது? நீ அவாவை வீட்டிலேயே விட்டுட்டு எழுத்தை மட்டும் அனுப்பினாய். ஆரோ ஒருத்தன் கதைக்கோணும்தானே?” அப்படிச் சொல்லிவிட்டு நிரோஜனே பயந்துபோனான். “அம்மாணை, நான் வேணுமெண்டு செய்யேல்ல. அம்மா, நான் சொன்னதை அழிச்சுப் போடுங்கோ,” என்று லிண்டிடம் திரும்பினான். “எனக்கு ஆரும் இல்லையெண்டு எழுதி எழுதிக் கை பழகிட்டுது. இப்பிடியே இருக்கிறன்.”

லிண்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இருவரும் அமருங்கள். நேரம் குறைவு. இன்னும் பதினெட்டு நிமிடத்தில் இந்த முடிவு தானாகப் பதிவாகும். பதிவானால் விண்ணப்பதாரரின் வாய்ப்பு முடிந்தது. அத்துடன் அந்த இரு பெண்களின் கோப்பும் நிரந்தரமாக மூடப்படும். எவர் அழைத்தாலும் அவர்கள் இங்கு வர இயலாது.”

“வேற வழியே இல்லையா?”

“ஒன்று உள்ளது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் உள்ளது.” அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். “பதிவாகும் முன் தாங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம். கோப்பு திறந்தே இருக்கும். அறுபது மதிப்பெண்ணைத் தாண்டிய இன்னொருவர் அந்தக் கோப்பில் இருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் மகன். அவர் கையெழுத்திட்டால் இருவரும் அடுத்த மாதமே வரலாம்.”

“அப்ப நான்?”

“ஒரு தாயை இருவர் கோர முடியாது. அவர் தங்கள் தாயல்ல என்று தாங்கள் வாய்மொழியாக, என் முன்னிலையில் கூற வேண்டும். எழுத்தில் ஏற்கமாட்டோம். கூறிய பிறகு அதை மாற்ற முடியாது.”

“ஒரே வீட்டிலதானே இருக்கப் போறம்,” என்றான் நிரோஜன், யாருக்கோ சொல்லுகிற மாதிரி.

இருக்கலாம். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் உள்ளே விடுவது நிரோஜனைத்தான். முப்பிடாதிக்குக் கல்யாணம் என்றால் அண்ணன் என்று கையெழுத்துப் போடுவது அவன்தான். ஒருநாள் அம்மா செத்துப்போனால், மேற்பார்வையாளர் மறுபடி கேட்பார்: இறந்தவர் உங்களுக்கு யார்?

“அம்மாட்ட கேக்கணும்,” என்றான் இசக்கிராஜ். “இத அவகிட்ட கேக்காம நான் எப்படிச் சொல்ல?”

மதுரை அலுவலகத்தோடு லைன் இணைந்தது. படம் இல்லை, குரல் மட்டும். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லிண்ட் விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

“அந்தப் பொட்டி பேசுனது புரியல. எண்ணே, நீ சொல்லு,” என்றது முப்பிடாதியின் குரல்.

இசக்கிராஜின் கை தானாகப் போனை எடுத்தது.

“எழுதாதய்யா,” என்றாள் அம்மா. அவன் எடுத்தது எப்படித் தெரிந்ததோ. “எழுதி எழுதி என்னத்தக் கண்ட? தம்பி நிரோசன், நீயாச்சும் சொல்லு.”

நிரோஜன் சொன்னான். அழகாகச் சொல்ல முயற்சி பண்ணவில்லை. நடுவில் இரண்டு தரம் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்ததும், “நான் வேண்டாம் எண்டு சொல்லிட்டன் அம்மா,” என்றான்.

“நீ சும்மா இரு. ஒன்ன யாரு கேட்டா?” அம்மாவின் குரலில் அதட்டல் இருந்தது, வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் மட்டும் காட்டுகிற அதட்டல். “ஏட்டி முப்பி, நீ என்னட்டி சொல்லுத?”

“மூஞ்சியப் பாத்து ஆறு வருசமாச்சும்மா. கடதாசில யாரு பேரு இருந்தா என்ன.”

“நம்ம ரெண்டு பேரும் நினைச்சாப் போதுமா? அவன்லா சொல்லணும்.” நாற்காலி மறுபடி நகர்ந்தது. அம்மா ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள் போல; மூச்சுகூடக் கேட்டது. “எய்யா ராசு. எங்க இஷ்டத்த நாங்க சொல்லியாச்சு. ஒனக்கு மனசு ஒப்பலன்னா வேண்டாம். நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். ஒனக்குத் தோணுறதச் சொல்லு. எனக்குப் பிடிக்கும்னு நெனச்சு ஒண்ணும் சொல்லாத.”

கடிகாரத்தில் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. லிண்ட் ஒலிவாங்கியை அவன் பக்கம் நகர்த்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. நிரோஜன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இசக்கிராஜ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். அம்மா ஊரில் இருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. அம்மா சிரிப்பதைக் கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. இதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“சண்முகவடிவு,” என்றான். அம்மா பெயரை அவன் அதுவரை வாயால் சொன்னதே இல்லை. குரல் உடைந்து இரண்டாகப் போனது. எதையும் அழிக்க முடியாது. “சண்முகவடிவு... எங்க அம்மா இல்ல.”



“தொண்டை என்ன இப்படிக் கட்டிக் கெடக்கு?” என்றாள் அம்மா. “எத்தன நாளா இப்படி இருக்கு?”

லிண்ட் காதிலிருந்த கருவியில் கையை வைத்தாள். அந்தக் கேள்வியும் மொழிபெயர்ந்து அவளுக்குப் போய்விட்டது. இதையும், இதற்கு அவன் சொல்லும் பதிலையும் வாக்குமூலத்தில் சேர்க்கவா என்று திரை கேட்டது. அவள் எந்தப் பொத்தானையும் தொடாமல், அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருசமா இருக்கும்மா,” என்றான் இசக்கிராஜ்.